கையெழுத்தும் சாவியும்: ஒரு நாட்குறிப்பு

2025 ஜனவரி 5, ஞாயிறு

வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் பேசுவதற்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். கூட்டணி ஆட்சியில் அதிகாரப் பகிர்வு என்ற தலைப்பை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். எந்த நாடு என்பதை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறார்கள். நம் நாட்டைப் பற்றிப் பேசினால், நான் எந்தக் கட்சிக்காரன் என்று கண்டுபிடிப்பதிலேயே கேட்பவர்களின் கவனம் போய்விடும் என்பதால், மதுரையில் எவருக்கும் பங்காளியோ பகையாளியோ அல்லாத ஜிம்பாப்வேயைத் தேர்ந்துகொண்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் வருவாய்த்துறையில் இருந்து, திருவிழாத் தகராறுகளுக்குச் சமாதானக் கூட்டம் போட்டு, நடவடிக்கைக் குறிப்பு எழுதி, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கியே காலம் கழித்தவன் நான். 2008 செப்டம்பர் 15 அன்று அந்நாட்டுத் தலைநகர் ஹராரேயில் கையெழுத்தான அதிகாரப் பகிர்வு ஒப்பந்தத்தின் முதல் பக்கங்களைப் படித்தபோது, பழைய கோப்பு ஒன்று மேசைக்குத் திரும்பி வந்ததைப் போலிருந்தது.

ஜனவரி 9, வியாழன்

நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் காலை முழுவதும் உட்கார்ந்து நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தினேன்.

2008 மார்ச் 29 அன்று நடந்த தேர்தலில், 1980 முதல் ஆண்டுவந்த ராபர்ட் முகாபேயின் ஜானு-பிஎஃப் கட்சி முதன்முறையாக நாடாளுமன்றப் பெரும்பான்மையை இழந்தது. அதிபர் தேர்தல் முடிவை வெளியிடவே ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சியான எம்டிசியின் மோர்கன் ஸ்வாங்கிராய்க்கு 47.9 சதவீதம், முகாபேக்கு 43.2 சதவீதம் என்று அறிவித்து, எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால் ஜூன் 27 அன்று இரண்டாம் சுற்று என்றார்கள். இடைப்பட்ட வாரங்களில் எம்டிசிக்காரர்கள் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறையைக் காரணம் காட்டி ஸ்வாங்கிராய் விலகிக்கொள்ள, முகாபே தனியாக ஓடி வென்றார். அந்த வெற்றியை அண்டை நாடுகளாலேயே முழுமனதுடன் ஏற்க முடியாத நிலையில், பிராந்திய அமைப்பான சாடெக்கின் சார்பில் ஏற்கெனவே சமரசம் பேசிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ எம்பெக்கி, இரு தரப்பையும், எம்டிசியிலிருந்து பிரிந்த ஆர்தர் முத்தம்பாராவின் சிறிய அணியையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார்.

செப்டம்பர் ஒப்பந்தத்தின்படி முகாபே அதிபர், ஸ்வாங்கிராய் பிரதமர், முத்தம்பாரா துணைப் பிரதமர்களில் ஒருவர். அமைச்சர்கள் 31 பேர்: ஜானு-பிஎஃப் 15, ஸ்வாங்கிராய் அணி 13, முத்தம்பாரா அணி 3. எதிர்க்கட்சிகள் இரண்டும் சேர்ந்தால் 16. கணக்கு சரியாக இருக்கிறது என்றுதான் அப்போது பலரும் எழுதினார்கள்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். தெருவில் பாலமேடு ஜல்லிக்கட்டு ஒவ்வொரு வீட்டுத் தொலைக்காட்சியிலும் ஓடிக்கொண்டிருக்க, நான் ஒப்பந்தத்தின் இருபதாவது பிரிவில் மூழ்கியிருந்தேன். நேற்று நடந்த அவனியாபுரம் ஜல்லிக்கட்டை யார் நடத்துவது என்பதில் ஊருக்குள் ஒற்றுமை இல்லாமல்தானே சில ஆண்டுகளாக மாவட்ட நிர்வாகமே அதை ஏற்று நடத்துகிறது என்று மனைவி நினைவூட்டினாள். ஜிம்பாப்வேக்கு அப்படியொரு மாவட்ட ஆட்சியர் கிடைக்கவில்லை.

நிர்வாக அதிகாரம் அதிபர், பிரதமர், அமைச்சரவை ஆகிய மூவரிடமும் பகிர்ந்து இருக்கும் என்று பிரிவு தொடங்குகிறது. அமைச்சரவைக்கு அதிபர் தலைவர், பிரதமர் துணைத்தலைவர். அமைச்சர்கள் மன்றம் என்று தனியாக ஒன்று உண்டு. அதற்குப் பிரதமர் தலைவர். ஒரே ஆட்கள் இரண்டு அறைகளில் இரண்டு தலைவர்களுக்குக் கீழே உட்காரவேண்டும். இதை எழுதியவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. நானும் இரண்டு தரப்புக்கும் மனம் கோணாமல் இப்படிப்பட்ட வாக்கியங்களை எழுதியிருக்கிறேன்.

என்னை நிறுத்திவைத்தவை இரண்டு சொற்கள். அதிபர் செய்யவேண்டிய முக்கிய நியமனங்களைப் பிரதமருடன் "கலந்தாலோசித்து" செய்வார் என்று ஓரிடத்தில் இருக்கிறது. துறைச் செயலாளர்கள், தூதர்கள் போன்றோர் விஷயத்தில் தலைவர்கள் "கலந்தாலோசித்து உடன்படுவர்" என்று வேறோர் இடத்தில் இருக்கிறது. அலுவலகத்தில் பணியாற்றிய எவரும் இந்த வேறுபாட்டை உடனே பிடித்துவிடுவார். கலந்தாலோசித்தல் என்றால் ஒரு கடிதம் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, அந்தப் பதிலைக் கோப்பில் சேர்த்துவிட்டு, நினைத்ததைச் செய்வது. உடன்படுதல் என்றால் மற்றவருடைய கையெழுத்து இல்லாமல் ஆணை வெளியே போகாது. ஒப்பந்தம் கையெழுத்தாகி அரசு அமையாமல் கிடந்த இடைவெளியில், முகாபே கலந்தாலோசிக்கக்கூட இல்லை: ரிசர்வ் வங்கி ஆளுநர் கிடியன் கோனோவுக்கு மறுநியமனம் கொடுத்தார், ஜோஹன்னஸ் டோமானாவைத் தலைமை அரசு வழக்கறிஞராக்கினார். பின்னர் நான்கு ஆண்டுகளும் இந்த இரண்டு பெயர்களைச் சுற்றியே சண்டை நடந்தது.

எந்தத் துறை எந்தக் கட்சிக்கு என்பது ஒப்பந்தத்தில் இல்லவே இல்லை. எண்ணிக்கை இருக்கிறது, பட்டியல் இல்லை. "இணைப்பு பின்னர் அனுப்பப்படும்" என்று எழுதிய கடிதங்களுக்கு நேரும் கதி எனக்குத் தெரியும். அக்டோபரில் முகாபே தானே ஒரு பட்டியலை அரசிதழில் வெளியிட்டு, பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு, நீதி ஆகியவற்றைத் தம் கட்சிக்கே எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று எழுதப்போவது என்னுடைய பிழையைப் பற்றியது.

மேலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு வகையறாக்களுக்கு இடையே நான்கு ஆண்டுகளாகத் திருவிழா நின்றுபோயிருந்தது. மூன்று நாள் கூட்டத்துக்குப் பின், ஓர் ஆண்டு ஒருவர், அடுத்த ஆண்டு மற்றவர் என்று முடிந்தது. மிச்சமிருந்தது அம்மன் நகைப்பெட்டி. இரண்டு பூட்டுப் போட்டு, ஆளுக்கொரு சாவி கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பொங்கலன்று காலை, சாவி வைத்திருந்தவர்களில் ஒருவர் திருப்பூருக்குப் போய்விட்டார் என்று செய்தி வந்தது. சாமி நகையில்லாமல் புறப்பட்டது. அடுத்த வாரம் இரண்டு தரப்பிலும் மண்டை உடைந்தது.

ஹராரேயில் சிக்கல் உள்துறையில் நின்றது, ஏனென்றால் காவல்துறை அதற்குள் வருகிறது. 2008 நவம்பர் 9 அன்று ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய சாடெக் தலைவர்கள், உள்துறைக்கு இரண்டு அமைச்சர்கள் இணையாக இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதைப் படித்தவுடன் பெட்டியும் இரண்டு பூட்டும்தான் என் கண்முன் நின்றன. ஸ்வாங்கிராய் முதலில் மறுத்துப் பார்த்தார். 2009 ஜனவரி இறுதியில் பிரிட்டோரியாவில் நடந்த கூட்டத்துக்குப் பின் இறங்கிவந்தார். ஜானு-பிஎஃப் சார்பில் கெம்போ மொஹாடி, எம்டிசி சார்பில் ஜைல்ஸ் முட்செக்வா என்று ஒரே துறைக்கு இரண்டு அமைச்சர்கள் பதவியேற்றார்கள். ஒருவர் பூட்டினால் மற்றவர் திறக்க முடியாது என்பதுதான் கோளாறு என்று பேச்சுக்குக் குறிப்பு எழுதிவைத்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

கென்யாவை ஒப்பிடலாமா என்று பார்த்தேன். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட கலவரம். ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னானின் சமரசம். 2008 பிப்ரவரி 28 ஒப்பந்தம். கிபாகி அதிபர், ஒடிங்கா பிரதமர், 40 அமைச்சர்கள். ஜிம்பாப்வேக்கு இது முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. பேச்சில் இரண்டு நிமிடம் போதும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

மேலூர்ப் பக்கத்து அந்த ஊரில் அப்போது தலையாரியாக இருந்தவர் வீட்டுக்கு வந்திருந்தார். என்னைவிட மூத்தவர், இன்னும் என்னை ஐயா என்றுதான் அழைக்கிறார், எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது பேச்சுக்கு எழுதிவைத்திருந்த பெட்டிக் கதையைப் படித்துக் காட்டினேன். பெருமையாகத்தான் படித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு சாவி போட்டீக, சரிங்கய்யா. பொட்டி யாரு வீட்டுல இருந்துச்சுன்னு கேட்டீகளா?"

நான் கேட்கவில்லை. பெட்டி நெடுங்காலமாகவே ஒரு தரப்பின் பூசைவீட்டில் இருந்திருக்கிறது. திருப்பூருக்குப் போனவர் மற்றத் தரப்பு. எதிராளி வீட்டு வாசலில் போய் நின்று, தன் சாவியை நீட்டி, உள்ளே விடுங்கள் என்று கேட்கும் நிலைக்கு அவரை ஆளாக்கியது என் நடவடிக்கைக் குறிப்புதான். முறுக்கிக்கொண்டு போனார் என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஜனவரி 19 அன்று பேச்சுக்கு எழுதிவைத்த குறிப்பைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்.

இணை அமைச்சர்கள் ஒருவரையொருவர் தடுத்துக்கொண்டார்கள் என்பதல்ல செய்தி. காவல்துறை ஆணையர் அகஸ்டின் சிஹூரி அதே நாற்காலியில் இருந்தார். அவருடைய விசுவாசம் முகாபேயிடம் இருந்தது. இராணுவம், உளவுத்துறை, சிறைத்துறை ஆகியவற்றின் தலைவர்களும் அப்படியே. 2002 தேர்தலுக்கு முன்பே, விடுதலைப் போரில் பங்கேற்காத ஒருவர் அதிபரானால் ஏற்கமாட்டோம் என்ற பொருள்பட அன்றைய படைத்தலைவர் வெளிப்படையாக அறிவித்திருந்தார். யாரை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. இரண்டு அமைச்சர்களுக்கும் சாவி கொடுத்தார்கள், பெட்டி அமைச்சகத்தில் இல்லை.

மத்தியஸ்தர்களுக்கு இது தெரியாமலில்லை. ஆனால் பெட்டியை வெளியே எடுங்கள் என்று சொன்னால் முகாபே எழுந்து போய்விடுவார். அதனால் எண்ணக்கூடியவற்றைப் பங்கிட்டார்கள். அமைச்சர் பதவிகளை எண்ணலாம். அவற்றைப் பெருக்கவும் செய்யலாம்: 31 என்று எழுதப்பட்ட எண்ணிக்கை பதவியேற்பு முடிந்தபோது 40-ஐத் தாண்டியிருந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மாலையில் வண்டியூர்த் தெப்பக்குளத்தில் கூட்டத்தில் நசுங்கி நின்று தெப்பம் பார்த்துவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் தேதி உறைத்தது: 2009-இல் இதே நாளில்தான் ஸ்வாங்கிராய் பிரதமராகப் பதவியேற்றார்.

இரண்டு நாள் கழித்து, 13-ஆம் தேதி, அமைச்சர்கள் பதவியேற்ற அன்றே, வேளாண்மைத் துணை அமைச்சராக அவர் பரிந்துரைத்த ராய் பென்னட் கைது செய்யப்பட்டார். 2010 மே மாதம் நீதிமன்றம் விடுவித்த பிறகும் அவருக்கு முகாபே பதவிப் பிரமாணம் செய்துவைக்கவில்லை. 2009 அக்டோபரில் இதையொட்டி ஸ்வாங்கிராய் அமைச்சரவைக் கூட்டங்களைப் புறக்கணித்து, மூன்று வாரங்களில், மொசாம்பிக் தலைநகர் மப்புட்டோவில் நடந்த சாடெக் கூட்டத்துக்குப் பின் திரும்பினார். அரசை விட்டு முழுவதும் வெளியேறுவதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

பேச்சு முடிந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். தலையாரி மேலூரிலிருந்து பேருந்து பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சட்டக்கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து, "அப்படியானால் ஸ்வாங்கிராய் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்கிறீர்களா, ஐயா?" என்று கேட்டார். ஒரு மாதமாக ஆம் என்று சொல்லத் தயாராக இருந்தவன், அந்த இடத்தில் தடுமாறினேன். அவர் பதவியேற்ற நேரத்தில் 100 டிரில்லியன் ஜிம்பாப்வே டாலர் நோட்டு அச்சடிக்கப்பட்டிருந்தது, அதற்கும் மதிப்பில்லை. அந்தப் பருவத்துக் காலராவில் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எம்டிசியின் டெண்டாய் பிட்டி நிதியமைச்சராகி, அரசு ஊழியர்களுக்கு மாதம் 100 அமெரிக்க டாலர் கொடுக்கத் தொடங்கியதும் ஆசிரியர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். கடைகளில் பொருள் வந்தது. 2013 மார்ச்சில் புதிய அரசமைப்புச் சட்டம் பொதுவாக்கெடுப்பில் நிறைவேறியது. அதே ஆண்டு ஜூலை 31 தேர்தலில் முகாபே 61 சதவீதம் பெற, ஸ்வாங்கிராய் 34 சதவீதத்துக்கு இறங்கினார் என்பதும் உண்மை. நானாக இருந்தால் நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றேன். மாணவிக்கு அது நிறைவளிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

படியிறங்கும்போது தலையாரியிடம், இப்போது அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மேலூரில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் வைத்திருக்கிறார்களாம். இரண்டு தரப்பும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். போன பங்குனிக்கு இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனார்களாம், வழி நெடுகப் பேசிக்கொள்ளவில்லையாம்.