ஆறு ஜோடிச் செருப்பு

கதவுக்கு வெளியே ஆறு ஜோடிச் செருப்பு கிடந்தது. இரண்டு ஜோடி சின்னப் பிள்ளைகளுடையது. ஒன்று சிமெண்ட் படிந்த சேஃப்டி ஷூ. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அக்காவிடம், படிவத்தில் இருந்தபடியே கேட்டேன்: "வீட்ல மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?"

"நாலு பேர்மா."

நான்கு என்று எழுதினேன்.

2010ஆம் ஆண்டு, சிங்கப்பூர். சமூகவியலில் பட்டம் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஓர் ஆய்வு நிறுவனத்தில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. முடித்துக் கொடுக்கும் படிவத்துக்கு இவ்வளவு என்று காசு. அன்று எனக்கு வந்தது ஒரு வாடகை வீட்டு புளோக். எழுதிவிட்டு லிஃப்டுக்கு நடக்கும்போது மனசு உறுத்தியது. அவர் பொய் சொன்னார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கழுத்தில் அட்டை தொங்க, கையில் படிவத்தோடு வந்து நிற்பவள் எந்த அலுவலகத்து ஆள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? வாடகை ஒப்பந்தத்தில் நான்கு பெயர் இருந்தால், யார் வந்து கேட்டாலும் நான்குதான் பதில். தம்பி குடும்பம் வேறு வீடு கிடைக்கிறவரை வந்து தங்கியிருக்கலாம். அல்லது ஆறு ஜோடியும் நான்கு பேருடையதாகவே இருக்கலாம். என் வீட்டு வாசலில் எனக்கு மட்டுமே மூன்று ஜோடி கிடந்தது.

மறுநாள் மேற்பார்வையாளரிடம், கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாமா என்றேன். "நேத்து ராத்திரி இந்த வீட்ல யாரு யாரு படுத்தீங்க" என்று கேட்டால் வேறு பதில் வரும் என்பது என் கணக்கு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயிரம் வீட்டிலும் ஒரே கேள்வியை ஒரே சொல்லில் கேட்டால்தான் பதில்களை ஒப்பிட முடியும், நீ ஒருத்தி மாற்றினால் எல்லாம் கெட்டது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இந்த இரண்டு வழியும் உண்டு: வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்று எண்ணுவது ஒன்று, அன்று இரவு எங்கே இருந்தார் என்று எண்ணுவது இன்னொன்று. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டிலிருந்து வீடு வீடாகப் போய்த் தலை எண்ணுவதே இல்லை. அடிப்படை எண்ணிக்கை அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து வந்துவிடுகிறது; விரிவான கேள்விகளுக்கு மட்டும் ஒரு பகுதி வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், 2020இல் சுமார் 150,000 வீடுகள். பதிவேட்டில் ஒரு முகவரியும் படுக்கை வேறு வீட்டிலுமாக இருக்கிறவர், கணக்குப்படி பதிவேடு சொல்லும் வீட்டில்தான் இருக்கிறார்.

அந்தச் செருப்பு என் கண்ணில் பட்டதற்குப் படிப்புதான் காரணம் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். அம்மாவாக இருந்தால் கதவு திறக்கும் முன்பே எண்ணியிருப்பார். ஆனால் எண்ணியதை வைத்துக்கொண்டு, தப்பு பதில் சொன்னவரிடமா கேள்வியிடமா என்று யோசிக்கும் பழக்கம் கெண்ட் ரிட்ஜில், பல்கலைக்கழகத்தில் வந்தது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை, நாடு தனியான அதே 1965இல் தொடங்கியது. நான் சேர்ந்தபோது கெண்ட் ரிட்ஜ் எம்ஆர்டி ரயில் நிலையம் திறக்கவில்லை. கிளமெண்டியில் இறங்கி 96ஆம் எண் பேருந்தில் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பாவுக்கு நான் என்ன படிக்கிறேன் என்பது கடைசிவரை பிடிபடவில்லை. "சமூகவியல்னா, சமூகத்துக்குச் சேவை செய்றதாம்மா?" தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பெரியம்மாவிடம் அவரே பெருமையாக, "பிள்ளை சோஷியல் வொர்க் படிக்குது" என்று சொன்னார். நான் திருத்தவில்லை. திருத்தியிருந்தால், "அப்ப என்னதான் படிக்கிற?" என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் ஒரு வரியில் பதில் இல்லை.

இந்தக் குழப்பம் இன்றும் இருக்கிறது, அதனால் சொல்லிவிடுகிறேன். சமூகப் பணி வேறு, சமூகவியல் வேறு. தேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டும் தனித்தனித் துறை. குடும்பச் சேவை நிலையத்தில் சமூக ஊழியராக வேண்டும் என்றால் சமூகப் பணியில் பட்டம் வேண்டும். வேறு பட்டம் வைத்திருப்பவர்கள் அதற்குமேல் சமூகப் பணியில் பட்டயப் படிப்பு ஒன்று முடிக்க வேண்டும். என் தோழி ஒருத்தி அப்படித்தான் வேலை பார்த்துக்கொண்டே படித்து முடித்தாள். சமூகவியல் படித்த உடனே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்துச் சேர்கிற பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் திடுக்கிடுகிறார்கள்.

எனக்குப் படிப்பு பிடித்துப்போனது நூலகத்தில் ஒரு மத்தியானம். ஆந்த்ரே பெத்தேய் என்ற வங்காள அறிஞர் 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆராய்ந்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கிரகாரம் எங்கே, மற்றவர்கள் தெரு எங்கே, சேரி எங்கே, நிலம் யார் கையில், பஞ்சாயத்து யார் கையில் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டியிருந்தார். பாட்டிக்கும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். "எங்க தெரு, எங்க தெரு" என்று சின்ன வயதில் நிறையக் கேட்டிருக்கிறேன். எந்தத் தெரு என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அன்று ராத்திரி கேட்டேன். பாட்டி வெற்றிலையை மடித்தபடியே கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதையெல்லாம் கப்பல் ஏறும்போதே விட்டாச்சு" என்றார். விட்டுவிட்டார்களா என்ன? என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, வந்த வரன்களில் எதை வேண்டாம் என்றார்கள் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. பாட்டியிடம் அதைச் சொல்லவில்லை. குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்.

அன்றன்றே எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் விரிவுரையாளர் போட்ட சட்டம். ஒருமுறை பேட்டியின் நடுவே பதிவுக் கருவியில் பேட்டரி தீர்ந்துபோய், ஒரு மணி நேரப் பேச்சு காற்றோடு போனது. அழாத குறையாகப் போய் நின்றேன். அவர் இந்தியச் சமூகவியலாளர் எம். என். ஸ்ரீனிவாஸின் கதையைச் சொன்னார். மைசூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் 1948இல் தங்கி எடுத்த குறிப்புகளை ஸ்ரீனிவாஸ் வருடக்கணக்காக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த கட்டடத்துக்கு யாரோ தீ வைத்ததில் அவை எரிந்தன. பிறகு அந்த ஊரைப் பற்றிப் பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதினார். "உன்னுது வெறும் பேட்டரி. போய் உட்கார்ந்து எழுது" என்றார் விரிவுரையாளர். எழுதினேன். கருவி பதிந்திருந்தால் வந்திருக்காத ஒன்று அதில் வந்தது: பேசியவர் எந்தக் கேள்விக்கு எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார் என்பது.

வீடு வீடாகப் போகும் வேலைக்குப் பிறகு சந்தை ஆய்வுக்குப் போனேன். சமூகவியல் பட்டதாரிகள் நிறையப் பேர் போகும் இடம் அது. படிக்கும்போது யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. ஷாம்பு பற்றிய ஒரு கலந்துரையாடல். எட்டுப் பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி. ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுவனத்தார் சாண்ட்விச் தின்றுகொண்டு பார்க்கிறார்கள். அரங்கத்தில் ஒரு முகம், திரைக்குப் பின்னால் ஒரு முகம் என்று சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் சொன்னதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். இங்கே கண்ணாடியின் இரண்டு பக்கமும் நாடகம்தான். எட்டுப் பேரும் உட்பொருட்களைப் படித்துப் பார்த்துத்தான் வாங்குவோம் என்றார்கள். முடிந்து லிஃப்டில் இறங்கும்போது ஒரு பெண் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாமியார் முஸ்தபாவுல எதை வாங்கிட்டு வராங்களோ, அதைத்தான் தலைக்குப் போடுறேன்." அறிக்கையில் அதைச் சேர்த்தேன். கலந்துரையாடலுக்கு வெளியே சொன்னது என்று அடித்துவிட்டார்கள். இரண்டே வருடம் அங்கே இருந்தேன். சம்பளம் நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

என்னோடு படித்தவர்கள் எங்கெங்கோ போனார்கள். ஒருவன் வங்கியில் மனிதவளம், ஒருத்தி செய்தி அறை, இரண்டு பேர் அமைச்சுகளில் கொள்கைப் பிரிவு, ஒருவர் ஆசிரியர், ஒருத்தி கைப்பேசிச் செயலிகளைப் பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கும் ஆய்வாளர். யாருடைய பெயர் அட்டையிலும் 'சமூகவியலாளர்' என்று இல்லை. கணினித் துறையில் படித்தவர்கள் முதல் மாதமே வாங்கிய சம்பளத்தை எட்ட எனக்கு ஏழு வருடம் பிடித்தது. இப்போது யாராவது பிள்ளைகள் கேட்டால், புள்ளியியல் பாடங்களைத் தள்ளிப்போடாதே என்று முதலில் சொல்கிறேன். எண்ணைக் கண்டு பயந்து சமூகவியலுக்கு வந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பயத்துக்கு வேலைச் சந்தையில் நல்ல விலை கொடுத்தேன்.

இப்போது மூத்தோர் நலம் பற்றிய ஆய்வுகளில் இருக்கிறேன். ஆங்கிலத்தில் தயாராகும் கேள்வித்தாளைத் தமிழுக்குக் கொண்டுவருவதும் என் வேலையில் சேர்ந்துவிட்டது. மொழிபெயர்த்ததை வேறொருவர், மூல ஆங்கிலத்தைப் பார்க்காமல், திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டும் ஒத்துப்போனால் தேறியது என்று அர்த்தம். "நீங்கள் எவ்வளவு அடிக்கடி தனிமையாக உணர்கிறீர்கள்?" என்ற கேள்வி இந்தச் சோதனையில் அழகாகத் தேறியது. அதை எடுத்துக்கொண்டு, மூத்தோர் கூடும் துடிப்பான மூப்படைதல் நிலையம் ஒன்றுக்குப் போனேன். முதலில் உட்கார்ந்த தாத்தா, "தனியாத்தான் இருக்கேன். உணர்றதுன்னா?" என்றார். அடுத்த பாட்டி, "ஏதோ ஆண்டவன் புண்ணியத்துல போகுது" என்றார். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அது எந்த எண்? மூன்றைச் சுற்றினால் நடுநிலை. பாட்டியின் குரலில் நடுநிலை இல்லை. "பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காங்களா?" என்று கேட்டபோது கால் மணி நேரம் பேசினார். ஆனால் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் வேறு கேள்வி ஆகிவிடும். 2010இல் மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னதை இப்போது நானே என் குழுவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இதே தொல்லை மொழிக் கணக்கிலும் உண்டு. 2020 கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. எங்கள் வீட்டில் அம்மாவிடம் தமிழ், மகனிடம் பாதி பாதி, மகன் திட்டு வாங்கும்போது முழுத் தமிழ். 'அதிகம்' என்ற சொல் எங்களை எந்தப் பக்கம் தள்ளும் என்று எனக்கே நிச்சயமில்லை.

போன மாதம் குழுவில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். அவளும் சமூகவியல்தான். முதல் வாரத்துப் படிவங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்றில் தனிமைக் கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்று சுற்றியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்து: 'டிவி சத்தம் ரொம்ப அதிகம். ரெண்டு நாற்காலி. ஒன்றில் துணி மடித்து வைத்திருக்கிறார். நான் கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்தார்.'

"அக்கா, இதை எந்தக் கட்டத்துல ஏத்தறது?" என்று கேட்டாள்.

கணினியில் தேடிப் பார்த்தோம். அதற்கென்று கட்டம் எதுவும் இல்லை.

"இப்போதைக்கு அழிச்சிடாதம்மா" என்றேன்.