முதுகில் நீர் எடுக்கக் கேட்டால் தயங்காதீர்கள்

மகனுக்கு அப்போது எட்டு மாதம். பனடோல் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும், திரும்ப ஏறும். எங்களைப் பயமுறுத்தியது அதுவல்ல. தூக்கினால் அடங்குகிற பிள்ளை, தூக்கத் தூக்க வீரிட்டு அழுதான். உச்சிக்குழி விம்மி நின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோ பிடித்து நேரே பொரளை சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்த டொக்டர் முதலில் கேட்டது கிளினிக் கொப்பியை. இரண்டு, நான்கு, ஆறு மாத ஊசிகள் மூன்றும் பதிந்திருந்தன. "அப்படியென்றால் ஹிப் கிருமியாக இருக்க வாய்ப்புக் குறைவு" என்றார். ஹிப்பையும் சேர்த்து ஐந்து நோய்களுக்கான அந்தக் கூட்டு ஊசி இலங்கையில் 2008இல் வந்தது. தடுப்பூசி வருவதற்கு முன் சின்னப் பிள்ளைகளின் மூளைக்காய்ச்சலுக்கு ஹிப் ஒரு முக்கியக் காரணம். மூளைக்காய்ச்சல் தரும் இன்னொரு கிருமியான நியூமோகொக்கஸுக்கு ஊசி வேறு. அது எங்கள் கொப்பியில் இல்லை.

பிறகு முதுகில் நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்டார்கள்: மூளையையும் முண்ணாணையும் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்பு வடம்) சுற்றியிருக்கும் நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பது. "பிள்ளைக்குக் கால் வழங்காமப் போயிடும்" என்று மாமி அழத் தொடங்கிவிட்டார். பலர் மறுப்பது இந்த இடத்தில்தான். டொக்டர் என் விரலைப் பிடித்து மகனின் இடுப்பெலும்பு மட்டத்தில் வைத்தார்: ஊசி போவது இங்கே, முண்ணாண் இதற்கு மேலேயே முடிந்துவிடும். சரி என்று போட்டுக் கொடுத்தேன். தெளிந்த தண்ணீராக வரவேண்டியது, கஞ்சித் தண்ணி போலக் கலங்கிச் சொட்டியது. சீனி குறைவு, புரதம் கூட. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவுக்குக் காத்திராமல் அன்டிபயோடிக் ஏற்றத் தொடங்கினார்கள். முடிவு வந்தபோது நியூமோகொக்கஸ். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதையெல்லாம் அந்த நீரை வைத்துத்தான் தீர்மானித்தார்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கேட்டல் சோதனைக்குத் திகதி தருவார்கள். பிள்ளை நன்றாகச் சிரிக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். மூளைக்காய்ச்சல் மிச்சம் வைக்கும் பாதிப்புகளில் கேட்கும் திறன் போவதுதான் கூடுதல். கைக்குழந்தையில் அது வெளியே தெரியாது. உட்காதில் எலும்பு வளர்ந்து மூடிவிட்டால் கேட்க வைக்கும் கொக்லியா கருவி பொருத்துவதும் கஷ்டம். மகனை நித்திரையாக்கி, தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். இடது காதில் கொஞ்சம் குறைவு, அதைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள்.

நோய் வந்துவிட்டதே, இனி எதற்கு ஊசி என்று டொக்டரிடம் கேட்டேன். நியூமோகொக்கஸில் 90க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன, ஒன்று வந்துபோனால் மற்றவை விட்டுவிடாது என்றார். காசு கட்டிப் போட்டோம். தங்கையின் பிள்ளைக்கும் இப்போது போட்டாயிற்று.