பாடுவது யார் என்று கேள்

2010-இல், வேலை விசாவில் இருப்பவரின் மனைவி என்ற முறையில் ஹெச்-4 விசாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து இறங்கினேன். வீடு டாரன்ஸில். கணவர் காலையில் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். எனக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது (எங்களில் ஒரு பகுதியினருக்கு அது கிடைத்ததே 2015-இல்தான்), காரும் ஓட்டத் தெரியாது. நடந்து போகிற தூரத்தில் இருந்தது நூலகம் மட்டும்தான், அங்கே எடுத்து வந்த சிடி ஒன்றில்தான் பாட்டெழுதிப் பாடும் ராண்டி நியூமன் எனக்கு அறிமுகமானார்.

முதலில் கேட்டது 1972-இல் வந்த 'செயில் அவே'. பியானோ, பின்னால் மெல்ல எழும்பும் வயலின்கள், தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பாடுவது போன்ற குரல். கடலைத் தாண்டி வா, அமெரிக்காவில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்று யாரோ யாரையோ அழைக்கிறான். புதிதாக வருகிறவர்களை வரவேற்கும் பாட்டு என்று நினைத்து ஒரு வாரம் தினமும் போட்டுக் கேட்டேன், அழுதும் இருக்கிறேன். அம்மாவை விட்டு வந்த புதிது அது.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார், கறுப்பினப் பெண்மணி. சுவர் வழியாகக் கேட்டிருக்கும் போல. ஒருநாள் துணி துவைக்கும் அறையில் டிரையரிலிருந்து சூடான துண்டுகளை எடுத்து மடித்துக்கொண்டே, "அந்தப் பாட்டில் பேசுவது யார் என்று தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அழைக்கிறவன் அடிமை வியாபாரி, ஆப்பிரிக்கக் கரையில் நின்று ஆள் பிடிக்கிறான், கப்பல் போய்ச் சேருகிற இடம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகம் என்று சொன்னார். அவருடைய பாட்டியும் தென் கரோலினாவைச் சேர்ந்தவராம். குரல் உயரவே இல்லை, கை மடிப்பதை நிறுத்தவும் இல்லை. "இவன் பாட்டு எதைக் கேட்டாலும் பாடுவது யார் என்று முதலில் கேள்" என்றார்.

என் விசாவையும் அந்தக் கப்பலையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன், அது மகா தப்பு. ஆனால் அன்றிலிருந்து எனக்கு இந்த நாட்டைக் கேட்கும் காது வேறாகிவிட்டது, நான் வந்து இறங்கிய மண்ணில் அதற்கு முன்னால் யார் யார் எப்படி வந்து இறங்கினார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்தேன்.

நியூமன் 1943-இல் இதே ஊரில் பிறந்தவர். பெரியப்பா ஆல்ஃப்ரெட் நியூமன் ஒன்பது ஆஸ்கர் வாங்கிய திரையிசை அமைப்பாளர், அப்பாவின் இன்னும் இரண்டு சகோதரர்களும் அதே தொழில். அம்மாவின் ஊர் அமெரிக்காவின் தெற்கே நியூ ஆர்லியன்ஸ், சின்ன வயதுக் கோடை விடுமுறைகள் அங்கே. தெற்கத்திப் பேச்சு அவர் பாட்டில் அப்படி ஒட்டியிருப்பதற்கு அதுதான் காரணம் என்பேன். அவர் கெட்டவனைத் திட்டிப் பாடுவதில்லை, கெட்டவனாகவே மாறிப் பாடுகிறார், அவன் பேசப் பேச அவன் மனசு தானே வெளியே வந்துவிடுகிறது. இதில் ஆபத்தும் இருக்கிறது. குள்ளமானவர்களை வெறுக்கும் ஒருவனின் குரலில் 1977-இல் 'ஷார்ட் பீப்பிள்' வந்தது. பில்போர்ட் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனாலும் அவரே அப்படி நினைக்கிறார் என்று கோபப்பட்டவர்கள் ஏராளம். மேரிலாண்டில் அதை வானொலியில் போடக் கூடாதென்று மசோதாவே கொண்டுவந்தார்கள்.

அப்புறம் நான் கார் ஓட்டப் பழகியது இம்பீரியல் ஹைவேயில். வலப்பக்கம் விமான நிலைய வேலி, எதிரே நேராகக் கடல், கை முழுக்க வியர்வை. அந்தச் சாலை 1983-இல் வந்த 'ஐ லவ் எல்.ஏ.' பாட்டில் வருகிறது. சென்சுரி, விக்டரி, சான்டா மோனிகா, சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்று அவர் தெருப் பெயர்களைக் கூப்பிடக் கூப்பிட, கூட்டம் ஆனந்தமாகக் கத்துகிறது. இந்த ஊரின் தெருக்கள் எனக்கு மனப்பாடமானது அப்படித்தான்.

மகள் பிறந்தபின் வீட்டில் 'டாய் ஸ்டோரி' ஓடாத நாள் இல்லை. அந்தப் படத்தின் பாட்டும் இவருடையதுதான். 15 முறை ஆஸ்கர் கைநழுவி, 16-ஆவது பரிந்துரையில் வேறொரு படத்தின் பாட்டுக்கு 2002-இல் வாங்கினார். அன்று அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதைப் பார்க்கும்போது எங்கள் வீட்டு மனிதருக்கே கிடைத்தது போல் இருக்கும்.

போன கோடையில் ஊர் பேஸ்பால் அணியான டாட்ஜர்ஸின் ஆட்டத்துக்குப் போயிருந்தோம். ஜெயித்தால் அங்கே 'ஐ லவ் எல்.ஏ.'தான் போடுவார்கள். எல்லோரோடும் சேர்ந்து நாங்களும் தொண்டை கட்டுமளவு கத்தினோம். அதே பாட்டில் மலையைப் பார், மரங்களைப் பார் என்று காட்டிக்கொண்டே வருகிறவன், அந்த வேகத்திலேயே மண்டியிட்டுக் கிடக்கும் வீடற்ற ஒருவனையும் காட்டிவிட்டுப் போகிறான்.

திரும்பும்போது நெரிசலைத் தவிர்க்க டவுன்டவுன் வழியாக வந்தோம். வீடற்றவர்கள் நிறைந்த ஸ்கிட் ரோ பக்கம் நடைபாதை நெடுக நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள், ஒன்றின் வாசலில் ஒருவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து மகள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "அம்மா, பாட்டுல வர்ற சிக்ஸ்த் ஸ்ட்ரீட் இதுதானா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். பச்சை விழும்வரை அவள் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.