பெட்டிக்கு அடித்த பெயின்ட்: பில்லிங் மெஷினுக்கு இஎம்சி டெஸ்ட் எடுத்த அனுபவம்

நேற்று சாயங்காலம்தான் திருத்திய இஎம்சி ரிப்போர்ட் கைக்கு வந்தது. இஎம்சி என்றால் மின்காந்த இணக்கம்: மெஷின் பக்கத்துச் சாதனங்களைக் கெடுக்காமலும், வெளித் தொந்தரவால் தான் கெடாமலும் இருப்பது. மூன்று மாதம் அம்பத்தூர் பட்டறைக்கும் ஓஎம்ஆரில் இருக்கும் டெஸ்ட் லேபுக்குமாக அலைந்த அலுப்பு இன்னும் தீரவில்லை. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு ஒரு டிரிப்பாவது மிச்சமாகட்டும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தமிழில் பில் அடிக்கும் சின்ன மெஷின் செய்கிறோம். தகரப் பெட்டி, உள்ளே 1.5 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் போர்டு, தெர்மல் பிரிண்டர், வாடிக்கையாளர் பக்கம் எச்டிஎம்ஐ வழியாக ஒரு திரை. பாரிஸ் லா ஷப்பேலில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் 40 மெஷின் கேட்டார். விலை பேசி முடித்த பிறகு, "தங்கச்சி, சிஇ பேப்பர் இல்லாமல் ஒண்டும் செய்யேலாது, சாமான் கஸ்டம்ஸிலேயே நிண்டுடும்" என்றார். சிஇ என்பது பொருள் ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் குறி.

எங்களிடம் இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு இருக்கிறதே என்று நினைத்தேன். அது ஐஎஸ் 13252 படி ஷாக் அடிக்காமல், தீப்பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பது. மெஷின் பக்கத்து ரேடியோவைக் கெடுக்கிறதா என்ற கேள்வியே அதில் கிடையாது. ஐரோப்பாவுக்கு 2014/30 என்ற இஎம்சி டைரக்டிவ், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டவிதி. கம்ப்யூட்டர் சாமானுக்கு அதன்கீழ் முக்கியமாக இரண்டு தரநிலைகள்: வெளியே விடும் மின் இரைச்சலுக்கு ஈஎன் 55032, வெளியிலிருந்து வருவதைத் தாங்குவதற்கு ஈஎன் 55035. (வைஃபை வைத்திருந்தால் இந்த டைரக்டிவே பொருந்தாது, ரேடியோ சாதனங்களுக்கான 2014/53 வந்துவிடும். நல்ல வேளை, நாங்கள் வைக்கவில்லை.)

இந்த நேரத்தில் ஒரு ஏஜென்ட் போன் செய்தார். மூன்றே நாளில் சிஇ சர்டிபிகேட், மெஷினைக்கூட அனுப்ப வேண்டாமாம். தயவுசெய்து யாரும் இதில் விழாதீர்கள். எங்கள் மாதிரிப் பொருளுக்கு சிஇ யாரும் கொடுப்பது இல்லை. டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு, தயாரிப்பவரே கையெழுத்துப் போட்டு அறிவிப்பது. டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாத சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு நாளைக்கு அங்கே ஒரு அதிகாரி கேட்டால், கடைக்கார அண்ணை என்ன பதில் சொல்வார்?

முதல் டிரிப் முழுக்க வீண். விண்ணப்பத்தில் 'உள்ளே ஓடும் அதிகபட்ச அதிர்வெண்' என்று ஒரு கட்டம் இருந்தது. போர்டில் கண்ணில் பட்ட, துடிப்பு தரும் கிரிஸ்டல் 25 மெகாஹெர்ட்ஸ், அதையே எழுதிவிட்டேன். எழுத வேண்டியது பிராசசரின் 1.5 கிகாஹெர்ட்ஸ். 108 மெகாஹெர்ட்ஸுக்குள் என்றால் 1 கிகாஹெர்ட்ஸ் வரை அளந்தால் போதும். 1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினால் ஐந்து மடங்கு வரை, அதிகபட்சம் 6 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்க வேண்டும். அதற்கு வேறு ஆன்டெனா, வேறு செட்டப், கூடுதல் நேரம். எங்களுக்கு ஒதுக்கிய அரை நாள் ஸ்லாட் அதற்குப் போதாது. அதோடு நாங்கள் வெறும் மெஷினையும் அடாப்டரையும் மட்டும் எடுத்துப் போயிருந்தோம். கடையில் எப்படி ஓடுமோ அப்படியே கீபோர்டு, கேஷ் டிராயர், லேன் கேபிள், திரை எல்லாம் மாட்டி, பில் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரிசப்ஷனில் இருந்தவர் படிவத்தைத் திருப்பி நீட்டி, "இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வரணும் மேடம்" என்றார். புக்கிங் எடுத்தபோது இரண்டு முறை போனில் கேட்டேன், என்ன கொண்டு வர வேண்டும் என்று. அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாடா ஏஸ் வாடகை கொடுத்து மதுரவாயல் பைபாஸ் வழியாகத் திரும்பி வந்தோம். அடுத்த ஸ்லாட் பதினெட்டு நாள் கழித்து.

அந்தப் பதினெட்டு நாளில் கிளாஸ் ஏ (கடை, ஆபீஸ் மாதிரி இடங்களுக்கு) போதுமா, பி (வீடுகள் இருக்கும் இடத்துக்கு, வரம்பு கடுமை) வேண்டுமா என்று முடிவு செய்தோம். கடைக்குத்தானே, ஏ போட்டுக்கொள்ளலாம், 10 டெசிபல் சலுகை என்றார்கள் பலர். அண்ணையிடம் கேட்டேன். கடைக்கு மேலே ஐந்து மாடியும் வீடுகள் என்றார். சரி, பி என்று எழுதிவிட்டேன். மாடியில் இருக்கிறவர்கள் ரேடியோ கேட்க வேண்டாமா?

இரண்டாவது முறை சேம்பருக்குள், அதாவது வெளி ரேடியோ அலை நுழையாத டெஸ்ட் அறைக்குள் போனோம். உள்ளே சுவர் முழுக்கக் கூம்பு கூம்பாக நுரை, 80 சென்டிமீட்டர் உயர மேசையில் எங்கள் மெஷின். மேசை 360 டிகிரி சுற்ற, ஆன்டெனா 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. 3 மீட்டர் தூரத்தில் கிளாஸ் பி வரம்பு 230 மெகாஹெர்ட்ஸ் வரை 40 டெசிபல், அதற்கு மேல் 1 கிகாஹெர்ட்ஸ் வரை 47. லேப் கம்ப்யூட்டரில் அளவுக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்து போனது. 297 மெகாஹெர்ட்ஸில் ஒரு முள் எழுந்து வரம்பைத் தொட்டது. 445.5இல் இன்னொன்று 53க்குப் போய் நின்றது. ஆறு டெசிபல் அதிகம். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

லேப் இன்ஜினியர் தம்பி, இருபத்தைந்து வயதுகூட இருக்காது, எண்ணைப் பார்த்ததுமே சொன்னார்: "148.5ஓட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு மேடம். 1080 திரையோட எச்டிஎம்ஐ கிளாக்." திரைக்குப் படம் அனுப்பும் துடிப்புதான் கசிகிறது என்று அர்த்தம். எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றினோம், முள் விழுந்தது. மாட்டினோம், எழுந்தது. கேபிள் மட்டமோ என்று அவரிடமிருந்த நல்ல கேபிளைப் போட்டுப் பார்த்தோம். ஒரு டெசிபல்கூடக் குறையவில்லை.

அப்போது அவர் மல்டிமீட்டரை எடுத்து, எச்டிஎம்ஐ சாக்கெட்டின் உலோக விளிம்பில் ஒரு முனையையும், பெட்டிக்குள் ஒரு ஸ்க்ரூ தலையில் இன்னொன்றையும் வைத்தார். மின்தொடர்பு இருந்தால் அது பீப் அடிக்கும், சத்தமே வரவில்லை. சாக்கெட் பெட்டியைத் தொடவே இல்லை! அழகாக இருக்கட்டும் என்று நாங்கள் பெட்டி முழுக்க நீல பவுடர் கோட்டிங் அடித்திருந்தோம், உள்பக்கமும் சேர்த்து. அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. மூடி உட்காரும் விளிம்பிலும் அதே பூச்சுதான். 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு பிளவு. 445 மெகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். பிளவும் கிட்டத்தட்ட அதே நீளம் என்பதால், தகரப் பெட்டி என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தது ஓர் ஆன்டெனாவாக நின்றிருக்கிறது.

வராந்தாவில் தரையில் உட்கார்ந்து, எங்கள் டெக்னீஷியன் அண்ணன் ஹேக்ஸா பிளேடால் சுரண்ட ஆரம்பித்தார். நீலத்தூள் செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் வெள்ளைத் தகரம் பளிச்சென்று தெரிந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாக்கெட்டைச் சுற்றியும் மூடி விளிம்பிலும் செப்பு டேப் ஒட்டினோம். முக்கால் மணி நேரம் ஆனது. மறுபடி ஸ்கேன் ஓட்டினால் 445.5இல் 42. அந்தக் கோடு வரம்புக்குக் கீழேயே போய் முடிந்தபோது அண்ணன் பேசாமல் என் தோளைத் தட்டினார்.

அடாப்டர் வழியாக மின் கம்பிக்குப் போகும் இரைச்சல் டெஸ்ட் ஒரே தடவையில் முடிந்தது. நல்ல அடாப்டர் வாங்கியதன் பலன். அதே மாடலைத்தான் கடைசி வரை போட வேண்டும். பாதியில் விலை மலிவு என்று மாற்றினால் எடுத்த ரிப்போர்ட் பொருந்தாது.

அடுத்து நிலைமின்சார டெஸ்ட். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, உலோகத்தில் தொட்டு 4 கிலோவோல்ட், பிளாஸ்டிக்கில் காற்றுவழி 8 கிலோவோல்ட். கீபேட் இடுக்கில் 'டக்' என்று ஒரு பொறி. திரை கறுத்து மெஷின் ரீஸ்டார்ட் ஆனது, அடித்துக்கொண்டிருந்த பில் போயே போய்விட்டது. ஒரு கணம் தடுமாறித் தானாகச் சரியானால் பரவாயில்லை என்கிறது தரநிலை. சேமித்த விவரம் அழியக் கூடாது.

இங்கே ஒன்று உறைத்தது. நான்கு வருடமாக இந்த மெஷின் தமிழ்நாட்டுக் கடைகளில் ஓடுகிறது, ஒரு புகார் கிடையாது. சென்னைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு உடம்பில் நிலைமின்சாரம் தங்காது. அதனால்தான் இந்தக் கோளாறு எங்கள் கண்ணிலேயே படவில்லை. டெஸ்ட் அறையில் ஈரப்பதம் 30 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. பாரிஸ் குளிர்காலத்தில், ஹீட்டர் ஓடும் கடையில், கம்பளிச் சட்டை போட்டவர் தொட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வைக்கும் ரீசெட் கம்பி கீபேடை ஒட்டியே நீளமாக ஓடியது. அதைச் சுருக்கி, 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்து, கீபேடின் பின்தகட்டை போர்டு கிரவுண்டில் இல்லாமல் பெட்டியிலேயே நேராகப் பிணைத்தோம். மூன்றாவது டிரிப்பில் பாஸ்.

லேப் போவதற்கு முன் பட்டறையிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ள முடியும், இதை எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு எஸ்டிஆர் டாங்கிள் (கம்ப்யூட்டரில் செருகும் ரேடியோ ரிசீவர்), ஒரு முழம் கோஆக்சியல் கேபிள் வாங்குங்கள். கேபிளின் நுனியை உரித்து, நடுக்கம்பியை வளைத்து ஷீல்டில் பற்றவைத்தால் ஒரு சின்ன வளையம். அதைப் பெட்டியின் இடுக்குகளில் நகர்த்தினால் எங்கே கசிகிறது என்று கோடு எகிறிக் காட்டும். டெசிபல் கணக்குக்கு இதை நம்பக் கூடாது. 93.5இலும் 98.3இலும் எழும் பெரிய முட்கள் உங்கள் மெஷினுடையவை அல்ல, சூரியன் எஃப்எம்மும் ரேடியோ மிர்ச்சியும்.

எல்லாம் பாஸ் ஆன பிறகும் மூன்று வாரம் போனது. ரிப்போர்ட்டில் மாடல் பெயரில் இருக்க வேண்டிய ஒரு சின்னக் கோடு (-) விடுபட்டிருந்தது. எங்கள் லேபிளில் கோடு இருக்கிறது, படிவத்திலும் கோடு போட்டுத்தான் கொடுத்தேன். கவுன்டரில் இருந்தவர், "ரிலீஸ் ஆயிடுச்சு, மாத்தணும்னா ரிவிஷன் ஃபீஸ் கட்டுங்க" என்றார். பூர்த்தி செய்த படிவத்தின் போட்டோ என் போனில் இருந்தது. அதைக் காட்டி, மேலாளர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஃபீஸ் இல்லாமல் மாற்றித் தந்தார்கள். கொடுக்கிற ஒவ்வொரு தாளையும் போட்டோ எடுத்து வையுங்கள். டிராஃப்ட் ரிப்போர்ட் கேட்டு வாங்கி, மாடல் பெயர், அடாப்டர் மாடல், போட்டோக்கள் மூன்றையும் சரிபார்த்த பிறகே ஓகே சொல்லுங்கள்.

இன்று காலை சிஇ அறிவிப்பில் கையெழுத்துப் போட்டேன். ரிப்போர்ட்டும் அறிவிப்பும் அடங்கிய ஃபைலைப் பத்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். லேபிளில் சிஇ குறி 5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல், இறக்குமதியாளராக அண்ணையின் கடை முகவரியோடு அச்சுக்குப் போயிருக்கிறது. வியாழக்கிழமை 40 பெட்டிகளுக்கும் பவுடர் கோட்டிங். சாக்கெட் இடத்திலும் மூடி விளிம்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிய பிறகுதான் அடிக்க வேண்டும் என்று வரைபடத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு நானும் அங்கேதான் இருப்பேன், மல்டிமீட்டரோடு.