தூளுக்கு அஞ்சாத சுவிட்ச்

சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் என் சின்ன சிஎன்சி இயந்திரம் மூன்று வாரமாகப் படுத்திய பாடு நேற்றுதான் தீர்ந்தது. நான் செதுக்குவது பால்மரப் (ரப்பர் மரப்) பலகை. அதன் தூள் மாவு மாதிரி. செதுக்கும் தலைப்பகுதி ஓரத்துக்கு வந்ததும் அழுந்தி எல்லையைக் காட்டும் லிமிட் சுவிட்சுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும், தலைப்பகுதி எல்லை தெரியாமல் போய்ச் சட்டத்தில் முட்டும். அந்தச் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும்.

சரி என்று, காந்தம் நெருங்கினால் ஆன் ஆகும் ஹால் சென்சாருக்கு மாறினேன். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவுதான்: மின்னோட்டம் பாயும் தகட்டில் காந்தப்புலம் பட்டால் குறுக்கே சிறு மின்னழுத்தம் பிறக்கும். தொட வேண்டியதில்லை, தேயவும் ஒன்றுமில்லை.

வாங்கியது ஏ3144 என்ற சென்சார். மூன்று கால், 5 வோல்ட். வெளியீடு ஓபன் கலெக்டர், அதாவது மின்னழுத்தத்தைக் கீழே இழுக்கும், தானாக மேலே ஏற்றாது; அதனால் மேலே ஏற்ற 10 கிலோ ஓம் புல்அப் ரெசிஸ்டர் போட்டேன். அப்படியும் சென்சார் ஆன் ஆகவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்து, “அண்ணே, காந்தத்தத் திருப்பிப் பாருங்க” என்றான். அதேதான்! எழுத்துப் பொறித்த முகத்துக்குத் தென்துருவம் காட்ட வேண்டும்.

அப்புறம் ஒன்று: காந்தம் நெருங்கும்போது ஆன் ஆகும் இடமும் விலகும்போது ஆஃப் ஆகும் இடமும் வேறு. எப்போதும் ஒரே திசையிலிருந்து, மெதுவாக ஹோம் செய்யுங்கள், அதாவது தலைப்பகுதியைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோங்கள். இன்று இருபது முறை பார்த்தேன், பென்சில் கோட்டின் மேலேயே வந்து நின்றது.