லிஃப்ட் பொத்தானை யார் அழுத்துவது?

என் மகளுக்கு இரண்டரை வயது. போன மாதம் ஒரு நாள் லிஃப்டுக்குள் நுழைந்ததும், யோசிக்காமல் பொத்தானை நானே அழுத்திவிட்டேன். அவ்வளவுதான். தரையில் விழுந்து, காலை உதைத்து, "நான்தான்! நான்தான்!" என்று ஒரே அலறல். கூட வந்தவர்கள் மாடி எண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான் செய்த தப்பு, வாயைத் திறந்தது. "நாளைக்கு நீ அழுத்து, இப்போ எழுந்திரு, எல்லாரும் பார்க்கிறாங்க பார்" என்று அடுக்கிக்கொண்டே போனேன். நான் பேசப் பேசச் சத்தம் ஏறியது. உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். நான் இரண்டரை வயதிடம் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன்!

இப்போதெல்லாம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். தலையை எங்காவது இடித்துக்கொள்ளப் போனால் மட்டும் கையை நடுவில் வைப்பேன். கூர்ந்து கேட்டால் அழுகை மாறுவது தெரியும். முதலில் கோபம்: கத்தல், உதை. அது சட்டென்று உச்சிக்குப் போய், இறங்கியும் விடும். மிஞ்சுவது விசும்பல். கோபத்தில் தூக்கினால் நெளிந்து நழுவுகிறவள், விசும்பல் வந்ததும் தானாக மடியேறுகிறாள். பெரும்பாலும் ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. எனக்குத்தான் ஒரு மணி நேரம் மாதிரி இருக்கும்.

அழுகிறாளே என்று போனை மட்டும் கொடுப்பதில்லை. மூன்று நாள் கொடுத்துப் பார்த்தேன். நான்காம் நாள் அழுகை இரண்டு மடங்கு நீண்டது.

அப்புறம், இரண்டு வாரம் நேரத்தைக் குறித்து வைத்தேன். பாதிக்கு மேல் பகல் தூக்கம் தள்ளிப்போன நாட்கள். மீதியில் பெரும்பகுதி பசி. பாவம், பொத்தான் என்ன செய்யும்?

ஒருமுறை அழுகையின் நடுவே மூச்சு நின்று உதடு நீலமாகிவிட்டது. சில நொடிதான், ஆனாலும் டாக்டரிடம் ஓடினோம். சில குழந்தைகளுக்கு இப்படி வரும், தானாகவே மூச்சு திரும்பிவிடும் என்றார். இரும்புச்சத்து குறைவாக இருந்தாலும் இது வரலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

நேற்று லிஃப்டில் உஷாராக இருந்தேன். "நீ அழுத்துறியா, அப்பா அழுத்தட்டுமா?"

கொஞ்சம் யோசித்து, "அப்பா" என்றாள். அழுத்தினேன். தரையில் படுத்துவிட்டாள்.