உருளிக்கு முன்னால் இரண்டரை மணி நேரம்

ஆனி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் போதும். கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துத் தோட்டங்களில் பலாப்பழம், அதாவது சக்கை, கொடுக்க ஆள் உண்டு, வாங்க ஆள் கிடையாது. "மைனி, ஒரு சக்கை தரட்டா?" என்று வேலிக்கு இப்பக்கம் கேட்டால், "உங்களுக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன், வந்து கொண்டு போங்க" என்று அப்பக்கம் பதில் வரும். பசுவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கட்டத்தில்தான் சக்கை வரட்டி, அதாவது பழ விழுதை வெல்லமும் நெய்யும் சேர்த்து வற்றக் கிண்டும் இனிப்பு, கிண்ட உருளி என்ற அகன்ற பாத்திரம் பரணிலிருந்து இறங்கும்.

கெட்டிச் சுளை உள்ள வருக்கைச் சக்கை வெட்டின இடத்திலேயே தீர்ந்துவிடும். மீந்து கிடப்பது குழைந்த சுளை உள்ள கூழன். தொட்டால் வழுக்கும், வாயில் போட்டால் நம்மைக் கேட்காமலே தொண்டைக்குள் இறங்கிவிடும், நார் மட்டும் பல்லில் நிற்கும். ஆனால் வரட்டிக்குக் கூழன் தாராளமாக ஆகும். தண்ணீர்ச் சத்து அதிகம் என்பதால் அரை மணி நேரம் கூடுதலாகக் கிண்ட வேண்டும், நாரை அரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெட்டுமுன் கத்திக்கும் கைக்கும் முழங்கை வரை தேங்காய் எண்ணெய். முழங்கை எதற்கு என்று கேட்பவர் இதுவரை சக்கை வெட்டியதில்லை. கொட்டை நீக்கினபின் 10 கிலோ பழத்துக்குச் சுளை 3 கிலோ தேறினால் நல்ல பழம். குக்கரில் அரை டம்ளர் தண்ணீரோடு 2 விசில் விட்டு, நன்றாக ஆறவைத்து அரைக்க வேண்டும். சூட்டோடு மிக்ஸியில் போட்டால் மூடி எகிறி, வரட்டி சுவரில் தயாராகும்.

2 கிலோ விழுதுக்கு 1 கிலோ சர்க்கரை. இங்கே சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது சீனி. பழம் நல்ல இனிப்பாக இருந்தால் 800 கிராம் போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்ட வேண்டும்: அடியில் மண் நிற்கும், கூடவே கரும்புச் சக்கையும். சக்கையைத் தீர்க்கத்தானே இந்தப் பாடு, அதில் இன்னொரு சக்கை எதற்கு? நெய் 200 கிராம், கடைசியில் சுக்கும் ஏலமும் பொடித்து ஒரு கரண்டி.

முதலில் விழுதை மட்டும் இரண்டு கரண்டி நெய்யில் அரை மணி நேரம் வற்றவிட்டு, பிறகு பாகை ஊற்ற வேண்டும். கெட்டியாகி வந்தது உடனே இளகிவிடும். புதிதாகக் கிண்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பதறி, தீயைக் கூட்டி, அடி பிடிக்க வைப்பார்கள். பிடித்துவிட்டால் சுரண்டவே கூடாது; மேலே இருப்பதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும். சுரண்டினால் கருகல் வாடை அத்தனையிலும் ஏறும்.

இனி வெடிதான். மேலே தோல்போல் மூடிக்கொண்டு, உள்ளே ஆவி முட்டி, 'பொளக்' என்று தெறிக்கும். பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டே சுடும். தீயைக் குறைத்து, நீளக்காம்பு சட்டுவமும் முழுக்கைச் சட்டையுமாக நிற்பதே மேல். நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வரவேண்டும். ஒரு மணி நேரம் ஆனதும் வழியே போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, "பதம் ஆயாச்சே, இறக்கலாமே" என்பார்கள். நம்பக்கூடாது, அவர்கள் கண் சட்டுவத்தை நக்குவதில் இருக்கிறது. சட்டுவத்தால் நடுவே இழுத்தால் உருளியின் அடி தெரிந்து, அந்தப் பாதை மூடாமல் நிற்க வேண்டும். ஓரத்தில் நெய் கசிய வேண்டும். ஒரு துளியை ஆறவைத்து உருட்டினால் கையில் ஒட்டக்கூடாது. இதற்கு எப்படியும் இரண்டரை மணி நேரம்.

முன்னாலேயே இறக்கினால் ஈரம் மிஞ்சி, பத்து நாளில் புளித்து நுரைக்கும். சூட்டோடு மூடினாலும் கேடுதான்: மூடியில் வியர்த்த நீர் சொட்டி, சரியாக அந்த இடத்தில் பூஞ்சை பூக்கும். இரவு முழுக்க ஆறவிட்டு, வெயிலில் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் காற்றில்லாமல் அழுத்தி நிரப்பி, மேலே விரல் கனத்துக்கு உருக்கிய நெய். ஈரக் கரண்டி போடாதவரை ஓணத்துப் பிரதமன் என்ற பாயசத்துக்கும், வயணை என்ற மண இலையில் அவிக்கும் கொழுக்கட்டைக்கும் நிற்கும். கொட்டையைச் செம்மண் பூசிக் காயவைத்தால் அது தனிச் சேமிப்பு.

கத்தியைச் சோப்பு போட்டுக் கழுவப் போனவர் இன்னும் கிணற்றடியில்தான் நிற்கிறார். பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பழைய துணியால் துடைத்த பிறகுதான் சோப்பு. அந்தத் துணியும் இப்போது அவர் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.